தீற்றலாய் நிற்கும் மனிதன்

கலைக்கு அழகு மட்டும் போதுமா, அறமும் வேண்டுமா என்பது பழைய வினா. ஒளியைத் தீட்டும் ஓவியன் தன் படத்தில் மனிதனுக்கு எவ்வளவு இடம் தர வேண்டும் என்பது அவ்வினாவின் ஒரு கிளை. சிங்கப்பூர் ஆற்றங்கரையில் நின்று எண்ணுவோர்க்கு இது வெறும் ஏட்டுச் சுரைக்காயாகத் தோன்றாது.

1872ஆம் ஆண்டைக் குறித்து, பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனே லு ஆவ்ர் துறைமுகத்தின் விடியலை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். 'மனப்பதிவு, சூரியோதயம்' என்னும் அப்படம் 1874இல் பாரிஸில் காட்சிக்கு வந்தபோது, அப்பெயரைக் கொண்டே விமர்சகர் ஒருவர் எள்ளி நகையாடினார். அந்த ஏளனச் சொல்லே பின்னர் ஓர் ஓவிய நெறியின் பெயராக நிலைத்தது. மனப்பதிவு நெறியினர் கூரிய வரைகோட்டை நம்பவில்லை. வண்ணத்தின் ஈரம் காயுமுன் அதன் மேலேயே அடுத்த வண்ணத்தை இட்டனர். நிழலைக் கருமையால் அன்றி நீலத்தாலும் ஊதாவாலும் காட்டினர். மோனேயின் அப்படத்தில் படகில் இருப்போரும் சில கருந்தீற்றல்களே.

நம் ஆற்றுக்கு இந்நெறி மிகவும் பொருந்தும். கடைவீடுகளின் நிறங்கள் நீரில் உடைந்து அசைவதைக் கோட்டால் பிடிக்க இயலுமா? லிம் செங் ஹோ (1912–1979) போன்றோர் நீர்வண்ணத்தில் இவ்வாற்றைத் தீட்டிப் புகழ்பெற்றனர். ஆயினும் அந்நாளைய ஆறு ஒளி மட்டுமன்று. முகப்பில் கண் எழுதிய தொங்காங்குகளிலிருந்து மூட்டை சுமந்து, குறுகிய பலகை வழியே கரையேறிய கூலிகளின் உழைப்பும் அதுவே. பார்த்தவனுக்கு அது பொன்னொளி, சுமந்தவனுக்கோ வெயில்.

எனவே, பிறர் துன்பத்தை அழகாக்குவது பாவம் என்பார் ஒரு சாரார். ஓவியனுக்கு ஒளியன்றி வேறு கடன் இல்லை என்பார் மறு சாரார். இரண்டும் முழு உண்மையல்ல. மனிதனைச் சிறிதாக்குவது வேறு, விலக்கிவிடுவது வேறு. சிறிதாக்குவது தொலைவின் இயல்பு. விலக்குவது மனத்தின் முடிவு. மோனேயின் படத்திலிருந்து அக்கருந்தீற்றல்களை எடுத்துவிட்டால், கடலின் அகலத்தை எதைக் கொண்டு அளப்பது? மனிதன் சிறுத்தாலும் அங்கே இருக்கிறான். இருப்பதாலேயே காட்சி உண்மையாகிறது.

1977இல் தொடங்கிய தூய்மைப் பணி 1987இல் நிறைவுற்றது. 1983இல் சரக்குத் தோணிகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு இடம்பெயர்ந்தன. ஆற்றின் நாற்றம் அகன்றது நன்றே. அதனுடன் உழைத்தவர்களும் கரையை விட்டு அகன்றனர். இன்று பழைய ஆற்றை நினைவிலிருந்து தீட்டும் ஒருவர், ஆளில்லாத் தோணிகளை அழகுற அடுக்கிவிடலாம். அப்போது இழப்பு யாருக்கு? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீனத் தோணிக்காரர் பெருகுவதற்கு முன்பு, இவ்வாற்றில் தோணி செலுத்தியோருள் மிகுந்திருந்தவர்கள் சூலியர் எனப்பட்ட தென்னிந்திய முஸ்லிம்கள். ஆளை நீக்கிய படத்தில் நம் முன்னோரும் நீங்குகின்றனர்.

இது கடந்த காலத்தோடு முடியும் செய்தியன்று. தேக்காவின் ஓரமாக ரோச்சோர் கால்வாய் ஓடுகிறது. மாலை வெயிலில் அதன் நீரைத் தீட்ட விரும்பும் இளைஞருக்கு வண்ணங்களுக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பகுதியில் கூடும் கட்டுமானத் தொழிலாளரும் அந்த மாலையின் பகுதியே. அவர்களுள் ஒவ்வொருவரின் முகத்தையும் நுணுக்கமாக வரையும்படி எவரும் கேட்கவில்லை. மனப்பதிவு நெறி அதற்கு இடமும் தராது. அவர்கள் நிற்கும் இடத்தில் ஒரு தீற்றல் வைத்தால் போதும். அந்த ஒரு தீற்றலை வைக்க மறுக்கும் தூரிகை, எத்துணை அழகாகத் தீட்டினாலும், கண்டதைத் தீட்டியதாகாது. கலைஞன் உலகுக்குச் செலுத்த வேண்டிய கடன்களுள் மிகச் சிறியது இது; தவறவிடக் கூடாததும் இதுவே.