பழுதும் பழியும்

ஒரு பொருள் பழுதானதும் நம் உள்ளத்தில் எழும் முதற் கேள்வி, ‘எங்கே பழுது?’ என்பதன்று, ‘யார் கெடுத்தார்?’ என்பதே. முன்னது அறிவின் கேள்வி. பின்னது சினத்தின் கேள்வி. இவ்விரண்டில் எதை முதலில் கேட்பது நீதி? சின்னஞ்சிறு எஞ்சின் ஒன்று நமக்கு இதனை உணர்த்திற்று.

இங்கிலாந்தில் பணியாற்றித் திரும்பிய பெரியவாப்பா, நம் சிறுவயதில் அன்பளிப்பாகத் தந்த பொம்மை ரயில் எஞ்சின் அது. மெய்யான எஞ்சினில் 76இல் ஒரு பங்கு அளவு, 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில், 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும். நெடுங்காலம் அலமாரியில் இருந்த அதனைச் சென்ற விடுமுறையில் நம் மகன் எடுத்து ஓட்டினான். இரண்டு சுற்று ஓடியது, முனகியது, நின்றுவிட்டது.

“கீழே போட்டு உடைத்துவிட்டாயா?” என்றோம்.

“இல்லை வாப்பா, நான் போடவே இல்லை” என்றான்.

நாம் நம்பவில்லை. அவன் கண் கலங்கி எழுந்து போனான்.

அன்றிரவு திருப்புளியுடன் அமர்ந்தோம். இத்தகைய எஞ்சின், தண்டவாளத்தில் வரும் மின்சாரத்தைச் சக்கரங்களின் வழியே பெறுகிறது. ஆதலால் சக்கரத்தில் படியும் மெல்லிய அழுக்கே அதனை நிறுத்தப் போதும். தண்டவாளத்தையும் சக்கரங்களையும் துடைத்தோம். சற்றே அசைந்து, மீண்டும் நின்றது. பின்னர் மேற்கூட்டைக் கழற்றி மோட்டாரைப் பார்த்தோம்.

மோட்டாரில் சுழலும் கம்யூட்டேட்டரை இரண்டு கார்பன் பிரஷ்கள் தொட்டுக்கொண்டிருக்கும். கம்யூட்டேட்டரின் செப்புத் துண்டுகளுக்கு இடையேயுள்ள பிளவுகள் சுத்தமாக இருத்தல் வேண்டும். அங்கோ, கரித்தூளும் எண்ணெயும் குழைந்து கருஞ்சாந்தாய் அடைத்திருந்தன. மின்சாரம் செல்ல வேண்டிய வழியை விட்டு, அந்தச் சாந்தின் வழியே கசிந்து வீணாகிக்கொண்டிருந்தது.

எண்ணெய் எப்படி வந்தது? அச்சுக்கு ஊசிமுனையளவு துளி போதும். இங்கோ மோட்டாரெங்கும் எண்ணெய். அப்பொழுதுதான் நினைவு வந்தது. துருப்பிடித்துவிடலாகாதே என்னும் அக்கறையில், அலமாரியில் வைக்குமுன் தையல் எந்திர எண்ணெயைத் தாராளமாக ஊற்றியவர் நாமேயன்றோ! எஞ்சினைக் கெடுத்தது மகனின் கவனக்குறைவன்று. நம்முடைய மிகையான பரிவு.

ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, மரக்குச்சியால் பிளவுகளைச் சுரண்டி, பிரஷ்களைப் பொருத்தினோம். எஞ்சின் ஓடிற்று. நம் மனம் மட்டும் அமைதியுறவில்லை.

எண்ணிப் பார்ப்போமாக. சக்கரத்து அழுக்கு, ஓட்டத்தில் சேர்வது. அதற்கு எவரும் குற்றவாளியல்லர். எண்ணெய், நன்மை நாடிச் செய்த தீங்கு. இன்னொரு வகையும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முன் வார்க்கப்பட்ட துத்தநாகக் கலவைப் பொம்மைகள் சிலவற்றில், வார்ப்பின்போதே ஈயம் மாசாகக் கலந்துவிட்டது. பல ஆண்டுகள் கழித்து அவை தாமே வீங்கி, வெடித்து, உதிர்கின்றன. எத்துணை பேணினாலும் அவற்றைக் காக்க இயலாது. கடைசியாகக் கையில் வைத்திருந்தவனைப் பழிப்பதில் என்ன நியாயம்?

பிள்ளைகள் தவறே செய்யார் என்று நாம் கூறவில்லை. மெய்யாகவே கீழே போடும் பிள்ளையும் உண்டு. அவனைத் திருத்துவதும் கடமையே. ஆனால் ஆராயுமுன் தீர்ப்பளிப்பது திருத்தமாகாது. உண்மை சொல்லியும் நம்பப்படாத பிள்ளை, அடுத்த முறை உண்மையைச் சொல்ல ஏன் துணிய வேண்டும்? பொம்மையின் பழுதைக் காட்டிலும் அந்தப் பழுது பெரிதன்றோ!

நல்லெண்ணத்தோடு செய்தோம் என்பது நம் குற்றத்தைக் குறைக்கலாம். அதனைப் பிறர் தலையில் ஏற்றும் உரிமையைத் தராது.

மறுநாள் காலை மகனை அழைத்து, “தவறு என்னுடையது, உன்னை நம்பாமல் பேசிவிட்டேன், மன்னித்துவிடு” என்றோம். இரவு முழுதும் திருப்புளி பிடித்ததைவிட அந்த ஒரு வாக்கியம் கடினமாக இருந்தது. அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, “எண்ணெய் எவ்வளவு விட வேண்டும், வாப்பா?” என்று கேட்டான். ஊசியை எடுத்து, அதன் முனையில் ஒரு துளியைக் காட்டினோம்.