மொட்டைக் கடிதம் பிரமாணமாகுமா?

முதுநிலை மாணவர்களுக்கு இணையப் பாதுகாப்பு மேலாண்மை நடத்துகிறேன். பாடத்தில் பாதி, 'செய்தது யார், பொறுப்பு யாருடையது' என்ற கேள்விதான். வங்கித் தணிக்கையிலிருந்து வந்தவன். பரிவர்த்தனையைப் பதியும் மேக்கர் ஒருவர், அதைச் சரிபார்க்கும் செக்கர் இன்னொருவர், கடவுச்சொல்லைக் கடன் கொடுத்தால் வேலை போகும் என்றெல்லாம் வகுப்பில் மிரட்டுவேன். பருவம் முடிந்ததும் கல்லூரி அதே பிள்ளைகளிடம் படிவத்தை நீட்டுகிறது: பெயர் போடாமல் ஆசிரியரைப் பற்றி உண்மையை எழுதுங்கள்.

யார் சொன்னது என்றே தெரியாத சொல்லை நம்பலாமா? இந்தியத் தத்துவத்தில் பழைய வழக்கு இது. நியாய மரபினருக்குச் சொல்லின் வலு சொல்பவரிடம் இருக்கிறது: விஷயம் தெரிந்தவர், ஏமாற்ற நினைக்காதவர், அவர் சொன்னால் ஏற்கலாம். மீமாம்சகர்கள் தலைகீழாக வாதிட்டார்கள். சொல்லில் குற்றம் நுழைவதே சொல்பவர் வழியாக. வேதத்துக்கு ஆசிரியரே கிடையாது, அதனால் குற்றத்துக்கு வழியில்லை என்றார்கள். மாணவர் படிவம் இரண்டு கட்சியிலும் சேராது. அதற்கு ஆசிரியர் உண்டு, ஒளிந்துகொண்டிருக்கிறார்.

இந்தப் பருவத்தில் வந்தவற்றில் இரண்டு வரிகள். முதலாவது: 'எக்விஃபேக்ஸ் கதையையே வாரக்கணக்கில் ஓட்டினீர்கள், நம்ம கும்பகோணம் வங்கிக்கு நடந்ததைத் தொடவில்லை.' 2017 மார்ச்சில் வெளியான திருத்தத்தைப் போடாமல் விட்டு, ஏறக்குறைய 14.7 கோடிப் பேரின் விவரங்களைப் பறிகொடுத்த அமெரிக்க நிறுவனம் எக்விஃபேக்ஸ். மற்றது, 2018 பிப்ரவரியில் வங்கிகளுக்கிடையிலான ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாக மூன்று மோசடிப் பரிமாற்றங்களுக்கு ஆளான சிட்டி யூனியன் வங்கி. எழுதியவர் யாராக இருந்தால் என்ன? பாடத்திட்டத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும். அடுத்த அணிக்குக் கும்பகோணம் கதை உண்டு.

இரண்டாவது: 'கேள்வி கேட்டால் ஏளனமாகச் சிரிக்கிறார்.' எந்த நாள், யாரிடம்? எந்தத் தாளைப் புரட்டி இதைச் சரிபார்ப்பது? எழுதியவர் ஒருவரே சாட்சி, அவரோ திரைக்குப் பின்னால்.

தணிக்கைக்காரனுக்கு மொட்டைக் கடிதம் புதிதல்ல. பதவி உயர்வுப் பட்டியல் வரும் மாதத்தில் கட்டுக்கட்டாக வரும், பாதி வன்மம். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையமே 1999இல், இத்தகைய கடிதங்கள்மேல் நடவடிக்கை வேண்டாம் என்று சுற்றறிக்கை விட்டது. 2004இல் வேறொரு வழியும் திறந்தது: புகார் தருபவர் மூடிய உறைக்குள் பெயரோடு எழுதலாம், ஆணையம் அந்தப் பெயரை வெளியே விடாது. நியாய மரபினர் கேட்டால் மகிழ்ந்திருப்பார்கள். சொன்னவரை எடைபோட ஒருவர் இருக்கிறார். பழிவாங்கக்கூடியவருக்கு மட்டும் தெரியாது.

எங்கள் படிவம் இதற்கு நேர்மாறு. பெயர் கேட்காது, ஆனால் பாலினம், பணிபுரியும் துறை, அனுபவ ஆண்டுகள் மூன்றையும் கேட்கும். மாலை வகுப்பில் மருத்துவமனையிலிருந்து வருகிற பெண் ஒருவர்தான் என்றால், பெயர் எதற்கு? 1990களில் கணினி ஆய்வாளர் லதான்யா ஸ்வீனி, பெயர் நீக்கிய மருத்துவப் பதிவுகளிலிருந்து அஞ்சல் எண், பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றைக்கொண்டே மாசசூசெட்ஸ் ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவைக் கண்டுபிடித்தார். இதை நானே நடத்துகிறேன். அதனால் எக்செலில் அந்த மூன்று பத்திகளையும் அழித்துவிட்டுத்தான் படிக்க உட்கார்ந்தேன். ஆளைக் கண்டுபிடிக்கும் வித்தை கைவசம் இருக்கிறவனுக்கு, அதைப் பயன்படுத்தாமல் இருப்பது கொஞ்சம் கஷ்டமான விரதம்.

காப்பியத்தில், வஞ்சி நகரில் சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்கப் போகும் மணிமேகலையும் தவசி வேடத்தில் தன்னை மறைத்துக்கொண்டுதான் போகிறாள். இளம்பெண் என்று பார்த்து உண்மைப் பொருளைச் சொல்லாமல் விடுவார்கள் என்று தெய்வம் முன்பே எச்சரித்திருந்தது. அந்த வேடத்தைப் பார்த்து அவளைக் கோழை என்று யாரும் சொல்வதில்லை. எதிரில் இருந்தவர்களின் லட்சணம் அப்படி. மதிப்பெண் என் கையில் இருக்கும்வரை, என் மாணவர் பெயரை மறைப்பதும் என்னைப் பற்றிய ஒரு சாட்சிதான். 'கேள்வி கேட்டால் சிரிக்கிறார்' என்று எழுதியவர், பெயர் போடப் பயந்ததாலேயே பாதி வழக்கை நிரூபித்துவிட்டார். மீதிப் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. வன்மமாகவும் இருக்கலாம் என்று சொல்லிக்கொள்வது சுலபம். அந்தச் சுலபம்தான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அந்த மூன்று பத்திகளையும் படிவத்திலிருந்தே நீக்கச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதினேன். நீக்கினால் அறிக்கை தயாராகாதாம், மென்பொருள் அப்படி. மதிப்பெண்களை வெளியிட்ட பிறகே கருத்துகளை எனக்குத் திறந்துவிடுங்கள் என்று இப்போது கேட்டிருக்கிறேன். அதற்கு மென்பொருளை யாரும் தொட வேண்டியதில்லை.