விளக்கு வெளிச்சத்தில் திருத்திய தாள்

சென்ற தவணைப் பரீட்சை முடிந்து விடைத்தாள்களைக் கொடுத்த அன்று, தரம் 9 மாணவன் ஒருவன் இரண்டு தாள்களோடு என் மேசையருகே வந்து நின்றான்.

"சேர், ஆறாம் கேள்விக்கு ரெண்டு பேரும் ஒரே மாதிரித்தான் எழுதியிருக்கம். அவனுக்கு எட்டு, எனக்கு அஞ்சு."

வாங்கிப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. "கரண்ட் இல்லாத நேரம் திருத்தினது மகன், விளக்கு வெளிச்சத்தில தெரியல்ல" என்று சொல்லிப் புள்ளியை மாற்றிக் கொடுத்தேன்.

அவனுடைய வாப்பாவுக்கும் எனக்கும் வளவு எல்லை விடயத்தில் பல வருடங்களாகப் பேச்சில்லை. திருத்தும்போது அந்த நினைவே எனக்கு வரவில்லை, இது சத்தியம். ஆனாலும் மறுநாள் அவனது பயிற்சிக் கொப்பியை வாங்கிப் புரட்டினேன். மற்றவர்களுக்கு நான் விட்டுக்கொடுத்த சிறு பிழைகள் அவனுக்கு மட்டும் சிவப்பு மையால் வெட்டப்பட்டிருந்தன.

ஆசிரிய கலாசாலையில் நனவிலி மனம் பற்றிப் படித்தவன் நான். 'செய்தது நானல்ல, என் நனவிலி' என்று தப்பிக்கலாமா? பிராய்டே அதற்கு இடம் தரவில்லை. கனவில் தோன்றும் தீய ஆசைகளுக்கும் மனிதன் பொறுப்பேற்கத்தான் வேண்டும், அவை அவனில் ஒரு பகுதியே என்று 1925இல் எழுதினார்.

1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில், செயலுக்கு முன் உள்ளத்தில் நிகழ்வனவற்றை நான்காகப் பிரிக்கிறார்: எண்ணம், சாய்வு, உள்ளத்தின் தீர்ப்பு, உறுதி. முதலிரண்டும் நம் தெரிவில் இல்லை. அவற்றுக்குக் குற்றம் பிடிக்கப்படுவதில்லை. உறுதிக்குக் கேள்வி உண்டு.

இதைப் படித்தபோது முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது. என் சாய்வு, தீர்ப்பையும் உறுதியையும் தொடாமலே பேனா முனைக்கு வந்துவிட்டதே! அப்படியானால் நான் பிழைத்தேனா?

இல்லை. அந்த இரவு மின்சாரம் நிற்கவேயில்லை. விளக்குக் கதையை என் நனவிலி சொல்லவில்லை. முழு விழிப்போடு, ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நான்தான் சொன்னேன். வெட்டிய மூன்று புள்ளிகளைவிட அந்தப் பொய்யே பெரிது. அறியாமல் நடந்ததற்கு நான் எவ்வளவு பொறுப்பு என்று அறிஞர்கள் வாதிடட்டும். அது காட்டித் தரப்பட்ட கணத்தில் நான் செய்ததற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது.

அவனைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். "பரவாயில்ல சேர்" என்றான்.

இப்போது பெயருள்ள பகுதியை மடித்துவிட்டே தாள் திருத்துகிறேன். ஆனால் பிள்ளைகளின் கையெழுத்து எனக்குத் தெரிகிறது. அவனுடையதும்தான். அந்தத் தாள் வந்தால் இரண்டு தரம் வாசிக்கிறேன்.