வலியைப் பொறுப்பது யார் கடன்?

துன்பத்தைப் பொறுத்தல் அறம் என்று இளமை முதலே கேட்டு வருகிறோம். ஆனால், பிறர் படும் துன்பத்தைக் கண்டு, 'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று நாம் கூறுவதும் அறமாகுமா? நீங்காத மூட்டு வலியோடு வாழும் முதியோர் பல இல்லங்களில் உள்ள இந்நாளில், இவ்வினாவுக்கு நாம் விடை கூறியாக வேண்டும்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 52 கோடியே 80 லட்சம் பேர் மூட்டுத் தேய்வு நோயுடன் வாழ்ந்தனர். அவருள் 60 விழுக்காட்டினர் பெண்கள். எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு சிதைந்து, மூட்டு முழுதும் மாறுபடுவதே இந்நோய். இது உயிரை உடனே கவர்வதில்லை. ஆதலின், 'வயதானால் வருவதுதான்' என்று வீட்டார் ஒதுக்கிவிடுகின்றனர்.

கோவைக்கு வடக்கே மேட்டுப்பாளையம் சாலையில் உள்ளது துடியலூர். 2011ஆம் ஆண்டில் மாநகராட்சியுடன் இணைந்த ஊர். அங்கு வாழும் மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். நகரின் நடுவே உள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்ல, பேருந்தின் படியே அவருக்கு மலையாகிறது. உடன்செல்லும் மகனோ மருமகளோ அன்றைய ஊதியத்தை இழக்கின்றனர். மருந்துச் செலவும் ஆட்டோ வாடகையும் ஆண்டுக்கணக்கில் தொடர்கின்றன. செயற்கை முழங்கால் மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மைய அரசு வரம்பு விதித்தது. ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் விற்று வந்த பொதுவகை மூட்டுக்கு, வரி நீங்கலாக 54,720 ரூபாய் என அப்போது உச்ச விலை குறிக்கப்பட்டது. நல்ல செயலே. ஆயினும், அறுவைக்குப் பின் வாரக்கணக்கில் உடனிருந்து நடை பயிற்றும் கையை எந்த ஆணையும் தந்துவிட இயலாது.

'அசாதா வேதனீய வினையின் உதயம். அனுபவித்தே தீர வேண்டும்' என்பாரும் நம்மிடையே உளர். உதயமான வினை அவருடையது என்பது மெய். அதைக் கண்டு நாம் செய்வதும் செய்யாது விடுவதும் நம்முடைய வினை அன்றோ? பசி, நோய் முதலிய 22 பரீஷகங்களை வெல்லுதல் துறவி தாமே ஏற்றுக்கொண்ட நோன்பு. பிறர்மேல் சுமத்தும் கட்டளையன்று. அத்தகைய துறவியர்க்குப் பணிவிடை செய்தலையே வையாவிருத்தியம் என்று, அகத்தவம் ஆறனுள் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரம் வைத்துள்ளது. நால்வகைத் தானங்களுள் ஔஷத தானமும் ஒன்று. பொறுத்தலே போதுமெனின், இவற்றுக்கு இடம் ஏது?

மருந்து தருவதிலும் ஆராய்ச்சி வேண்டும். மூட்டுக்கென விற்கப்படும் குளுக்கோசமின் பெரும்பாலும் நண்டு, இறால் முதலியவற்றின் ஓடுகளினின்றும், காண்ட்ராய்ட்டின் விலங்குகளின் குருத்தெலும்பினின்றும் எடுக்கப்படுகின்றன. 2006ஆம் ஆண்டில் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், நோயாளர் அனைவரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, இவை வெற்று மாத்திரையினும் மிகுந்த பயன் தரவில்லை. அகிம்சைக்கும் ஊறு, பொருளுக்கும் இழப்பு. வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் நாள்தோறும் விழுங்குவதோ இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. தொடைத் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும், மிகை எடையைக் குறைத்தலுமே முதற்சிகிச்சை என மருத்துவ வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை இல்லத்துக்கே வருகிறது. தேவைப்படுவோர் அதனைக் கேட்டுப் பெறலாம்.

தரையில் அமரும் வருத்தம் நீங்க ஒரு நாற்காலி. குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி. நாள்தோறும் பயிற்சிக்கு அரைமணி நேரத் துணை. 'இன்று வலி எப்படி உள்ளது?' என்னும் ஒரு கேள்வி. இவற்றுக்குப் பெருஞ்செல்வம் வேண்டா. மருமகள் ஒருவர் தலையிலேயே இச்சுமை முழுதும் விழாதவாறு, ஆடவரும் பிள்ளைகளும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுதல் வேண்டும்.

பொறுமை முதியோர்க்கு அணிகலன். அதனை நம் அசட்டைக்குப் போர்வையாக்குதல் தகாது. அவர் பொறுப்பது அவர் தவம். அவருக்குத் தோள் கொடுப்பது நம் தவம். இவ்விரண்டும் ஓரில்லத்தில் ஒருங்கே நிகழுமாறு வாழ்வோமாக!