நாலு கிலோவுக்குச் சாட்சி

மெலிவதைப் பாராட்டுவதற்கு எங்கள் பேச்சுத்தமிழில் ஒரு சொல்லைத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. வாடிப்போனாய், வத்திப்போனாய், இளைச்சுப்போனாய், எலும்பும் தோலுமாய்ப் போனாய் என்று எல்லாமே துக்க விசாரிப்புகள். ஸ்காபரோவில் ஒருவர் பத்துக் கிலோ குறைந்து ஒரு கலியாண வீட்டுக்குப் போனால், வாசலிலேயே ஒரு மாமி மறித்து, "என்ன தம்பி, ஏதும் வருத்தமோ?" என்று கேட்பார். அதே ஆள் பத்துக் கிலோ கூடிப் போயிருந்தால் "கனடா பிடிச்சிட்டுது போல" என்று சிரிப்பார். நாலு கிலோ குறைந்தால் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. நான் எழுத வந்தது அந்த நாலு கிலோவைப் பற்றித்தான்.

மாமியைக் குறை சொல்ல முடியாது. 1990க்குப் பிறகு வடக்கில் பொருளாதாரத் தடைக்குள் குடும்பம் நடத்தியவர்கள், 2009இல் வன்னியில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள், அவர்களின் பிள்ளைகள் என்று எங்களில் பலருக்கு உடம்பின் சதை ஒரு வகைச் சேமிப்பு. அரிசியை அளந்து உலையில் போட்ட ஒரு தாய் இங்கே இரண்டாம் முறையும் சோறு போடும்போது அதில் அன்பு மட்டுமல்ல, ஒரு வெற்றிச் செய்தியும் இருக்கிறது. இனி ஒருவரும் எங்களை அளந்து சாப்பிட வைக்க முடியாது என்பது அந்தச் செய்தி. அந்தக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு "காணும்" என்று சொல்வது, கேட்பவருக்கு வெறும் உணவுக் கட்டுப்பாடாகக் கேட்காது.

மெலிவைக் கண்டு பயப்பட்டது நாங்கள் மட்டுமல்ல. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது இந்த நகரத்தில்தான். 1921 கோடையில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பாண்டிங்கும் பெஸ்டும் அந்த வேலையைத் தொடங்கினார்கள். 1922 ஜனவரியில் ரொறன்ரோ பொது மருத்துவமனையில் முதல் ஊசி பெற்ற லெனர்ட் தொம்ப்சனுக்கு வயது 14. அப்போது அவனுடைய நிறை 30 கிலோகூட இல்லை. அதுவரை நீரிழிவுள்ள பிள்ளைகளைப் பட்டினி போட்டுத்தான் சில மாதங்களாவது உயிரோடு வைத்திருந்தார்கள். நூறு வருடம் கழித்து அதே நகரத்தில், வேறொரு வகை நீரிழிவோடு, வேறொரு வகைப் பிரச்சினையோடு நாங்கள் வந்து நிற்கிறோம். "சீனி வருத்தம்" இல்லாத தமிழ்க் குடும்பம் ஒன்றை உங்களுக்குத் தெரியுமென்றால் அதிசயம்.

இதில் எங்கள் உடம்புக்கும் பங்குண்டு. 2004இல் 'லான்செற்' மருத்துவ இதழில் ஒரு சின்னப் படம் வந்தது. புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த யட்கின் என்ற இரண்டு மருத்துவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. யட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 வீதம். அதே வருடம் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவொன்று, ஆசியர்கள் 25 வரை காத்திராமல் 23இலேயே கவனிக்கத் தொடங்கவேண்டும் என்றது. ஆக, "சோம்பேறி, வாயைக் கட்டத் தெரியாதவன்" என்ற வசவு நியாயமானதல்ல. ஒரே சோற்றைச் சாப்பிட்டு ஒருவர் தப்புகிறார், இன்னொருவர் மாட்டிக்கொள்கிறார். சீட்டுக் குலுக்கலில் வந்த உடம்புக்கு ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது. அதற்காக அந்த உடம்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இல்லாமலும் போய்விடாது. குற்றம் வேறு, பொறுப்பு வேறு. எங்கள் வீடுகளில் இரண்டையும் ஒரே வாயால் சொல்லிவிடுகிறோம்.

நல்ல செய்தி, கொஞ்சம் குறைந்தால் போதும் என்பது. 2002இல் முடிவுகள் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 3234 பேர் பங்குகொண்டார்கள். உணவையும் நடையையும் மாற்றிய பிரிவுக்குக் கொடுத்த இலக்கு, உடல் நிறையில் 7 வீதம் குறைப்பதும் கிழமைக்கு 150 நிமிடம் உடம்பை அசைப்பதும். சராசரியாக அவர்கள் குறைத்தது 5.6 கிலோ. அதற்கே, ஏறக்குறைய மூன்று வருடத்தில், ஒன்றும் செய்யாத பிரிவோடு பார்க்கும்போது புதிதாக நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது. சென்னையில் இராமச்சந்திரன் தலைமையில் 531 பேரோடு நடந்து 2006இல் வெளியான ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. அங்கே நிறை பெரிதாகக் குறையவேயில்லை. அப்படியிருந்தும் மூன்று வருடத்தில், வாழ்க்கை முறையை மாற்றாதவர்களில் 55 வீதம் பேருக்கு நீரிழிவு வந்தது, மாற்றியவர்களில் 39.3 வீதம் பேருக்குத்தான் வந்தது. தராசு கண்டுகொள்ளாத ஏதோ ஒன்று உள்ளே நடந்திருக்கிறது.

இங்கேதான் எனக்கு இந்த விஷயம் மருத்துவத்திலிருந்து நழுவி அறம் சார்ந்த கேள்வியாகிறது. வராத நோயை யார் காண்பது? நான் கணினித் துறையில் வேலை செய்பவன். எங்கள் தொழிலில் இது பழகிய துயரம். 2000ஆம் ஆண்டு பிறந்தபோது கணினிகள் நின்றுபோகும் என்று பயந்து, உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் இரவிரவாகத் திருத்தினார்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. "ஒன்றும் நடக்கவில்லையே, எதற்கு இவ்வளவு செலவு?" என்றுதான் பிறகு கேட்டார்கள். நடக்காத விபத்துக்கு யாரும் கேக் வெட்டுவதில்லை. நாலு கிலோவும் அப்படித்தான். கண்ணாடியில் தெரியாது, படத்தில் தெரியாது, மாமிக்கும் தெரியாது. கிழமைக்குக் கிழமை சலிப்பு, பலன் எங்கோ பதினைந்து வருடத்துக்கு அப்பால். அந்தப் பலனும் "வராமல் போதல்" என்ற வடிவத்தில்தான் வரும்.

இப்படிப்பட்ட காரியத்துக்குச் சாட்சி வேண்டும். நான் போகும் குழுவுக்குப் பெயர் கிடையாது. பதினொரு பேர். ஞாயிறு காலையில் மோர்னிங்சைட் பூங்காவில், ஹைலண்ட் க்ரீக் ஓரமாக நடப்போம். பனிக்காலத்தில் ஒரு மோலுக்குள், கடைகள் திறக்கமுதல் சுற்றி வருவோம். நடை முடிய ஒவ்வொருவரும் அந்தக் கிழமை செய்த ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். அறிவுரை சொல்லத் தடை. தமிழர் பதினொரு பேர் அறிவுரை சொல்லாமல் முக்கால் மணித்தியாலம் நிற்பது சாதாரண சாதனையல்ல. சொல்லப்படுபவை சின்ன விஷயங்கள். ட்ரக் ஓட்டும் அண்ணை ஒருவர் 'டபுள் டபுள்' கோப்பியை ஒரு சீனி, ஒரு பால் என்று இறக்கியிருக்கிறார். ஒரு அக்கா இடியப்பத்துக்கு வெள்ளை மாவை விட்டுக் குரக்கன் மாவும் சிவப்பரிசி மாவும் கலந்து பிழிந்து, பிள்ளைகள் முகம் சுளித்ததையும் சேர்த்துச் சொல்கிறார். இன்னொருவர் ரோல்ஸ் இருந்த தட்டைத் தாண்டிப் போனதை ஒரு போர்க்கதை போலச் சொல்லி முடித்தார். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இங்கே தலையாட்டுகிறார்கள். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் அடுத்த கிழமை ஓடுகிறது.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் தத்துவம் பேசினார். "நாலு பேர் பாக்கினம் எண்டதுக்காகச் செய்யிறதை ஒழுக்கம் எண்டு சொல்லேலுமோ? தன்ர மனத்தாலே நிக்கிறவன்தான் மனிசன்." இலேசில் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல இது. அரிஸ்டாட்டிலும் நிகோமாக்கிய அறவியலின் ஏழாம் பகுதியில் இரண்டு பேரைப் பிரித்துக் காட்டுகிறார். ஒருவனுக்கு ஆசை வருகிறது, பிடித்து நிறுத்துகிறான். மற்றவனுக்குத் தவறான ஆசையே எழுவதில்லை. இரண்டாமவனே உயர்ந்தவன். எங்கள் குழுவில் அந்த இரண்டாமவர் இல்லை. முதலாமவராக இருப்பதற்கே பத்துப் பேரின் துணை தேவைப்படுகிறது. ஆனால் மனவுறுதியின் தளர்ச்சியை ஆராய்ந்த அந்த ஏழாம் பகுதி முடிந்ததும் அரிஸ்டாட்டில் எழுதிய அடுத்த இரண்டு பகுதிகள் முழுக்க நட்பைப் பற்றியவை. அதை வெறும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் பக்கத்திலும் தனி மனத்தை யாரும் அவ்வளவு நம்பியதில்லை. கந்தசஷ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் பின்னேரத் தேத்தண்ணி பத்து நிமிடம் பிந்தினால் தலையிடி வருகிற மனிசர் ஆறு நாள் விரதம் பிடித்துப் பாறணை வரை போகிறார். அவருக்குத் திடீரென்று மனவுறுதி பிறக்கவில்லை. ஊரே பிடிக்கிறது, கோயில் மணி அடிக்கிறது, அடுப்படி ஒத்துழைக்கிறது. விரதத்தைக் கூட்டாகப் பிடித்ததால் அது குறைந்த விரதமாகிவிடும் என்று எந்தக் குருக்களும் சொன்னதில்லை. திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் ஒரு மூலிகையின் பெயர்கூடக் கிடையாது. அளவறிந்து, பசித்துச் சாப்பிடுவதைப் பற்றித்தான் பெரும்பகுதி பேசுகிறது. கடைசிக் குறளில் மருந்தின் நான்கு பங்குகளை எண்ணும்போது, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு பக்கத்தில் நின்று செய்பவரையும் ஒரு பங்காக வள்ளுவர் சேர்க்கிறார். காற்பங்கு என்பது சின்னப் பங்கல்ல. (நாங்கள் எடைக்குச் சொல்லும் 'நிறை' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் மனத்தைக் கட்டி நிறுத்துதல் என்றும் பொருளுண்டு. இரண்டும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்து சேர்ந்தன என்று மொழி தெரிந்தவர்கள் சொல்லட்டும்.)

விரதத்துக்கு இன்னொரு குணமுண்டு. அது மறுப்பதற்குக் குற்றமற்ற காரணம் தருகிறது. "இண்டைக்கு விரதம்" என்றால் எந்த மாமியும் மனம் நோகமாட்டார். "வயிறு நிறைஞ்சிட்டுது" என்றால் நம்பமாட்டார். "சீனி கூடும்" என்றால் "ஒருநாளைக்கு ஒண்டும் செய்யாது" என்பார். "எனக்கு வேண்டாம்" என்றால் சண்டை. குழு வந்த பிறகு எங்களுக்கு ஒரு புது வசனம் கிடைத்தது: "ஞாயிற்றுக்கிழமை கேப்பினம் மாமி." இதற்கு அவரிடம் பதில் இல்லை. அவருடைய அன்பை நான் மறுக்கவில்லை, இன்னும் பத்துப் பேருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன், அவ்வளவுதான். வாக்கு என்றால் எங்கள் சனம் மதிக்கும். வயிற்றுக்குக் கொடுக்காத மதிப்பை அதற்குக் கொடுக்கும்.

நியூயோர்க்கின் குயின்ஸ் பகுதியில் 1961இல் ஜீன் நிடெச் என்ற இல்லத்தரசி கண்டுபிடித்ததும் ஏறக்குறைய இதுதான். நகரச் சுகாதாரத் துறையின் சிகிச்சை நிலையத்தில் உணவுப் பட்டியல் அவருக்கு முன்னமே கிடைத்திருந்தது. தாளை வைத்துக்கொண்டு தனியே மாரடிக்க முடியாமல் ஆறு சிநேகிதிகளை வீட்டுக்குக் கூப்பிட்டார். 1963இல் அது 'வெயிட் வோச்சர்ஸ்' என்ற கம்பனியாகிப் பிறகு உலகம் முழுவதும் பரவியது. சிநேகிதிகள் இலவசமாகச் செய்ததற்குச் சந்தா வசூலிக்கலாம் என்று தெரிந்த இடத்தில் கதை வேறு திசைக்குப் போய்விட்டது.

ஆனாலும் கூட்டத்தைக் கும்பிட்டு நிற்க எனக்கு மனமில்லை. கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளிலிருந்து 1007 பேரைச் சேர்த்து, அந்தந்த ஊர்க்காரரையே வழிநடத்துநராக்கிக் குழுக்களை நடத்தினார்கள். 2018இல் முடிவு வந்தது. இரண்டு வருடத்தில் குழு இல்லாத பகுதிகளில் 17.1 வீதம் பேருக்கும், குழு இருந்த பகுதிகளில் 14.9 வீதம் பேருக்கும் நீரிழிவு வந்திருந்தது. புள்ளிவிபரக் கணக்கில் இதை உறுதியான வித்தியாசம் என்று சொல்ல முடியாது. மரக்கறியும் பழமும் கூடின, குடி குறைந்தது, ஆட்கள் நன்றாக உணர்ந்தார்கள். கூட்டம் செய்யக்கூடியதன் அளவு சில இடங்களில் அவ்வளவுதான்.

இன்னொரு கெடுதி எந்த ஆய்விலும் அகப்படாது. பாராட்டுகிற கண்ணும் விடுப்புப் பார்க்கிற கண்ணும் எங்கள் சமூகத்தில் ஒரே முகத்தில் இருக்கின்றன. எங்கள் குழுவில் முதலில் ஒரு தராசு இருந்தது. ஞாயிறு காலை எல்லோரும் ஏறி இறங்குவோம், குறைந்தவருக்குக் கைதட்டு. இரவு வேலை செய்யும் ஒரு பெண் மூன்று கிழமை தொடர்ந்து ஏறினார். மூன்று முறையும் முள் கூடத்தான் போனது. யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. கைதட்டாமல் விட்டோம், அவ்வளவுதான். நாலாம் கிழமை அவர் வரவில்லை. மற்றவருக்குத் தட்டிய கை தனக்குத் தட்டாமல் நிற்கும் சத்தத்தை ஒருவர் எவ்வளவு நாளைக்குக் கேட்பார்? அதன் பிறகுதான் தராசு ஒரு அக்காவின் பேஸ்மென்ருக்குப் போனது. செய்ததைச் சொல்லும் வழக்கமும் அதன் பிறகு வந்ததுதான். முடிவு உடம்பின் கையில், செய்கை எங்கள் கையில் என்பதைச் சென்னை ஆய்வைப் படிக்காமலே ஒரு அக்கா சொன்னார். அந்தப் பெண்ணை இரண்டு பேர் வீட்டுக்குப் போய்க் கூட்டிவந்தார்கள். கிழமை மாறி வருகிறார்.

குழுவில் மூத்தவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எல்லோருக்கும் மாஸ்டர். எங்களில் ஒழுங்காக நடந்தவர் அவர்தான். சோற்றைப் பாதியாக்கியவர், சீனியை அறவே விட்டவர், நாலரைக் கிலோ குறைத்தவர். போன மார்கழியில் அவருடைய இரத்தப் பரிசோதனை எல்லையைத் தாண்டிவிட்டது. நீரிழிவு என்று வைத்தியர் எழுதிவிட்டார். அடுத்த ஞாயிறு அவர் வரமாட்டார் என்று நினைத்தோம். வந்தார், வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால் நடந்தார். சொல்லும் முறை வந்தபோது, "இந்தக் கிழமை குளிசை துடங்கியிருக்கிறன்" என்றார். பிறகு, "அஞ்சு வருசம் முன்னம் வந்திருக்கும். நிறுவ ஏலாது. நீங்கள்தான் சாட்சி" என்றார். ட்ரக் ஓட்டும் அண்ணை தலையாட்டினார். அடுத்து இடியப்பம் பிழியும் அக்காவின் முறை.