மூன்று மொழி ஊரும் ஒரு மொழி விதியும்

ஆந்திரத்தின் தென்மேற்கு மூலையில், தமிழ்நாட்டு எல்லையும் கர்நாடக எல்லையும் நெருங்கிவரும் இடத்தில் இருக்கிறது சாந்திபுரம் மண்டலம். குப்பம் தொகுதியைச் சேர்ந்தது. அலுவலகத்தில் தெலுங்கு, வீட்டிலும் சந்தையிலும் தமிழும் கன்னடமும் சேர்ந்து புழங்கும். இந்தக் குப்பம் வட்டாரத்தில்தான் 2002இல் எச்.பி. கணினி நிறுவனமும் ஆந்திர அரசும் சேர்ந்து மூன்றாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. கணினியும் இணையமும் உள்ள தகவல் மையங்கள் வந்தன. சுய உதவிக் குழுப் பெண்கள் சூரிய ஒளியில் இயங்கும் அச்சுப்பொறியோடு படம் எடுத்துக் கொடுத்துச் சம்பாதித்தார்கள். இணையம் ஊருக்குள் வந்துவிட்டது. அதன் விதிகளை யார், எங்கே, எந்த மொழியில் எழுதுகிறார்கள் என்பது மட்டும் ஊருக்குத் தெரிய வழியில்லை.

2008 டிசம்பரில் ஐ.நா.வின் இணைய ஆளுகை மன்றம் ஐதராபாத்தில் கூடியது. அன்று சாந்திபுரத்துக்கும் அதுவே தலைநகரம். அந்த ஆண்டின் கருப்பொருள் ‘அனைவருக்கும் இணையம்’. பன்மொழி இணையமும் பேசுபொருளாக இருந்தது. ஐ.நா.வின் அலுவல் மொழிகள் ஆறு: ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம், ரஷ்யம், சீனம், அரபு. கூட்டம் நடந்த மண்ணின் தெலுங்கு அதில் இல்லை. தமிழும் இல்லை.

இதை உடனே அநீதி என்று சொல்லிவிட முடியாது. பல நாட்டார் கூடும் இடத்தில் பொதுமொழி ஒன்று வேண்டும். கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான விதிக்கு ஐந்து மொழிகளில் ஐந்து மூலம் இருந்து, அவை ஒன்றுக்கொன்று முரண்பட்டால் இணையமே குழம்பும். மேலும், ஆங்கிலம் தமிழர்க்கு அரணாகவும் நின்றிருக்கிறது. 1965இல் தமிழகம் கொந்தளித்தது இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகிவிடக் கூடாது என்பதற்காக. ஆங்கிலம் தொடர வேண்டும் என்று கேட்டதில் நியாயம் இருந்தது. ஆங்கிலத்தைப் பகையாக நிறுத்தும் வாதம் இந்த வரலாற்றை மறந்துவிடுகிறது.

ஆனால் வல்லுநர்கள் தங்களுக்குள் ஒரு மொழியில் வேலை செய்வது வேறு. அந்த வேலையின் விளைவைச் சுமப்பவர்கள் அதே மொழியைக் கற்றால்தான் வாய் திறக்கலாம் என்பது வேறு. முதலாவது வசதி. இரண்டாவதில், விதிக்குக் கட்டுப்படுபவர் தலையிலேயே மொழிச் செலவும் விழுகிறது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு: இணையப் பெயர்களைப் பங்கிடும் ஐகேன் அமைப்பு 1998இல் கலிபோர்னியாவில் உருவானது. இந்திய எழுத்துகளில் இணையப் பெயர் வைப்பதற்கான விதிகளை வகுக்க அதன் கீழ் ஒரு குழு அமைந்தது. நம் மொழியறிஞர்கள் அதில் நேர்மையாக உழைத்தார்கள். அக்குழு பார்த்தவற்றுள் ஒன்று கன்னட, தெலுங்கு எழுத்துகளின் ஒற்றுமை. இரண்டிலும் பல எழுத்துகள் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றே. ஒரு வங்கியின் பெயரைத் தெலுங்கில் பதிந்திருக்க, அதே தோற்றத்தில் கன்னட எழுத்தால் இன்னொருவர் பதிந்து ஏமாற்றலாம். எந்த எழுத்து எதைப்போலத் தோன்றும் என்று சொல்ல, இரு எழுத்திலும் கடைப்பலகை படித்து வளர்ந்த குப்பத்துக்காரரைவிடத் தகுதியானவர் யார்? அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஆங்கில அறிக்கைக்குள் இருந்தது. ஏமாற்றப்பட்டால் பணத்தை இழக்கப்போவதும் அவரே.

தொலைதூர அமைப்புகளை மட்டும் குறை சொல்வதும் சரியாகாது. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவை மத்திய அரசு ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதைத் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. அதை எதிர்த்து அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஓரடி முன்னே வைத்தது: தரவுக்காக ஒப்புதல் கேட்பவர், அந்தக் கோரிக்கையை ஆங்கிலத்திலோ அந்த 22 மொழிகளில் ஒன்றிலோ மக்கள் படித்துப் பார்க்க வழி செய்ய வேண்டும். நல்ல விதி. எனினும் அது கையெழுத்துப் போடும் நேரத்து உரிமை. விதி வரைவாக இருக்கும்போதே படித்து மறுப்புச் சொல்லும் உரிமை இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை.

வரவேண்டியதும் எட்டாத உயரத்தில் இல்லை. எல்லா ஆவணத்தையும் எல்லா மொழியிலும் கேட்க வேண்டியதில்லை. ஒரு மொழியாரை நேரடியாகத் தொடும் வரைவை அவர்கள் மொழியில் தந்தால் போதும். மொழிபெயர்ப்பு வெளியான நாளிலிருந்து கருத்துக்கான கெடு தொடங்கட்டும். தெலுங்கில் வரும் பதிலைத் தெலுங்கு தெரிந்தவர் படித்துப் பதிவு செய்யட்டும். ஐகேனின் வருவாய் பெரும்பாலும் பெயர்ப் பதிவுக் கட்டணத்திலிருந்து வருகிறது. அந்தக் கட்டணத்தின் ஒரு பங்கு இந்த வேலைக்குப் போவதுதான் முறை.

தமிழ் கேட்கும் இந்த உரிமையை இருளரும் தோடரும் துளுவரும் கேட்கலாம். அவர்கள் மொழிகள் அந்த 22இல் இல்லை. அவர்கள் கேட்கும்போது, செலவாகும், தாமதமாகும், பொதுமொழியாகத் தமிழே போதுமே என்ற பதில்கள் தமிழகத்திலிருந்தும் எழக்கூடும். சாந்திபுரத்துத் தமிழ் வீட்டுக்குத் தெலுங்கிலேயே அறிவிப்பு அனுப்பும் அலுவலகமும் அதே பதிலைத்தான் சொல்ல முடியும்.