சிருஷ்டியின் செம்மையும் வைத்தியரின் கரமும்

கருணாமூர்த்தியான ஈசுவரன் ஆளும் உலகில் குழந்தைகள் ஏன் நோயுற்று மடிகின்றன என்ற வினாவுக்கு வினைப்பயன் என்று விடை கூறித் தேறியவர் உண்டு; சோதனை என்று கொண்டு பணிந்தவர் உண்டு; விடையே இல்லையென்று துணிந்து நம்பிக்கையைத் துறந்தவரும் உண்டு. அமெரிக்காவின் கான்ஸாஸ் மாநிலத்தில் வைத்தியத் தொழில் நடத்திவந்த ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர், 1864-ஆம் ஆண்டில் மூளையுறைக் காய்ச்சலுக்குத் தம் குழந்தைகளில் மூவரைப் பறிகொடுத்த பிறகு, இம்மூன்று வழிகளில் ஒன்றிலும் செல்லவில்லை. அவர் தந்தையார் மெதடிஸ்டு சபையின் போதகராகவும் வைத்தியராகவும் ஒருங்கே விளங்கியவர். ஆகவே ஜபமும் மருந்தும் அவருக்குப் பிறந்த வீட்டுப் பொருள்கள். அவ்விரண்டும் பயன்படாமற்போன அந்த நாட்களைப்பற்றி 1897-இல் வெளிவந்த தம் சுயசரிதையில் எழுதுகையில், நோயுற்ற மனிதனைக் கடவுள் வெறும் ஊகத்தின் கையில் ஒப்புவித்துவிட்டாரா என்று அவர் கேட்கிறார். கேள்வி கடவுளை நோக்கியதுபோலத் தோன்றினாலும், அவருடைய சினம் முழுவதும் ஊகத்தின்மீதே பாய்ந்தது. அந்நாளைய வைத்தியர் பாதரச உப்பையும் அபினியையும் சாராயத்தையும் நோயாளிக்கு வாரி வழங்கிவந்ததை எண்ணினால், அச்சினம் நியாயமானதென்றே கொள்ளவேண்டும்.

படைத்தவன் நிறைவுடையவனாயின் அவன் படைத்த சரீரமும் நிறைவுடையதாகவே இருக்கவேண்டும். நோயைத் தீர்க்கும் சக்தி அதனுள்ளேயே வைக்கப்பட்டிருக்கவேண்டும். எலும்பும் தசையும் நரம்பும் தத்தம் நிலையில் பொருந்தி, இரத்தம் தடையின்றி ஓடுமாறு கையால் சீர்செய்வதே வைத்தியரின் கடமை: இவ்வாறு வளர்ந்த சித்தாந்தத்தை 1874-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் தேதி தமக்குத் தெளிவாயிற்றென்று அவர் குறித்துவைத்தார். அதனை எடுத்துரைக்க, தம் குடும்பத்தார் துணைநின்று நிறுவிய பேக்கர் பல்கலைக்கழகத்தை நாடியபோது அங்கே அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. கைகளை வைத்துப் பிணி தீர்ப்பது கிறிஸ்துநாதருக்கே உரியதென்று கருதிய சமயத்தார் அவரைக் கண்டித்தனர். சிருஷ்டிகர்த்தாவின் பெருமையைச் சொல்லவந்தவரைத் தெய்வநிந்தனை செய்பவராகக் கண்டது சமய வரலாற்றில் புதுமையன்று.

மிஸ்ஸூரி மாநிலத்துக் கர்க்ஸ்வில் என்னும் சிற்றூரில் இம்முறையை ஆஸ்டியோபதி என்ற பெயரில் கற்பிக்க 1892-இல் அவர் தொடங்கிய கல்லூரியில், எடின்பரோவில் பயின்ற வில்லியம் ஸ்மித் உடற்கூறு கற்பிக்க, 20-க்குச் சற்று மேற்பட்ட மாணாக்கர் முதல் வகுப்பில் அமர்ந்தனர். ஸ்டிலின் மக்களும் அவர்களில் இருந்தனர், பெண்களும் இருந்தனர். பெண்களுக்கு வைத்தியக் கல்லூரிகள் பலவும் கதவடைத்திருந்த காலத்தில், சரீரத்தை அறிவதற்கு ஆண் பெண் என்ற பேதம் தடையாகாதென்று அவர் கொண்டது அவருடைய தத்துவத்திலிருந்து நேரே விளைந்த நற்பயன். அக்கல்லூரியில் உடற்கூறே தலையாய பாடம். கர்த்தாவின் கைவேலையை எலும்பு எலும்பாக அறிவது ஸ்டிலுக்கு ஆராதனைக்கு நிகரான செயல்.

ஆயினும் அந்த ஞானத்தை அவர் எவ்வாறு ஈட்டினார் என்பதை மறைத்தலாகாது. கான்ஸாஸில் இருந்த நாட்களில், பூர்வகுடியினரின் கல்லறைகளைத் தோண்டி உடல்களை எடுத்து அறுத்து ஆராய்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். மனித சரீரம் முழுவதும் இறைவன் சமைத்தது என்று போற்றிய ஒருவருக்கு, அவ்வுடல்களுக்கும் அழுது அடக்கம் செய்த உறவினர் இருந்தனர் என்பது உறுத்தாமற்போனது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பொதுவாகச் சரீரத்தைப் பூஜிப்பது எளிது. இன்னாருடைய சரீரம் என்று அறிந்து மதிப்பதுதான் அரிது.

மருந்தை அறவே விலக்கிய அவருடைய முடிவையும் நான் ஏற்கவில்லை. சரீரத்தைப் படைத்தவனே சின்கோனா மரத்தையும் படைத்தான் என்றால், அம்மரப்பட்டையிலிருந்து எடுத்த கொயினாவை உண்பது சிருஷ்டியில் குறை காண்பது எங்ஙனம் ஆகும்? அவர் குழந்தைகளைக் கொண்டுசென்ற காய்ச்சலின் கொடிய வகைகளுக்கு இன்று மருந்துண்டு, தடுப்பூசியும் உண்டு. கையால் அழுத்தி அவற்றைத் தீர்த்தவர் இல்லை. 1917-இல் ஸ்டில் மறைந்த பிறகு அவர் வழிவந்த கல்லூரிகள் மருந்தியலையும் பாடமாக்கிக்கொண்டன. இதைக் குருத்துரோகம் என்று சிலர் சொல்லக்கூடும். ஊகத்தை வெறுத்தவருடைய மாணாக்கர், நிரூபணம் வந்தபோது அதற்குத் தலைவணங்கியதில் துரோகம் எங்கே இருக்கிறது?

இன்று அமெரிக்காவில் இக்கல்லூரிகளில் நான்காண்டு பயிலும் மாணாக்கர், பிற வைத்திய மாணாக்கர் கற்கும் அனைத்தையும் கற்று, அதற்கு மேலும் ஸ்பரிசத்தால் அறியும் வித்தையைப் பயில்கின்றனர். தாளுக்கடியில் கிடக்கும் ஒற்றைத் தலைமயிரை விரல்நுனியால் தடவிக் கண்டுபிடிப்பது தொடக்கப் பயிற்சிகளில் ஒன்று. பிறகு பயிற்சி மேஜைகளில் ஒருவர்மீது ஒருவர் பழகுகின்றனர். சற்றுமுன் தொட்டவர் படுக்க, படுத்திருந்தவர் எழுந்து தொடுகிறார். அந்நியர் கை தன் முதுகில் படும்போது எழும் கூச்சத்தையும், தன் கழுத்தைப் பிறர் வசம் ஒப்புவிக்கும்போது வேண்டியிருக்கும் நம்பிக்கையையும் அறிந்த பிறகே அவர் நோயாளியிடம் செல்கிறார். எத்தனை நீதிநூல்களைப் படித்தாலும் கிட்டாத கல்வி இது. தன் சரீரத்தைப்போலவே பிறர் சரீரமும் கூசும், அஞ்சும், நோகும் என்பதை இங்கே சரீரமே கற்பிக்கிறது; கல்லறைகளைத் தோண்டிய குருவுக்கு வாய்க்காத பாடம், ஒருவேளை, இதுவே.

மனிதன் உடல், மனம், ஆன்மா மூன்றும் கூடிய ஒருமை என்பது இத்துறையின் முதற்கொள்கை. ஆன்மாவை நம்பாத மாணாக்கன் இதை என்ன செய்வான்? ஸ்டிலின் வாதத்தில் ஈசுவரன் முதற்படி. அப்படியை எடுத்துவிட்டால் மேலுள்ளவை நில்லா என்று ஆஸ்திகர் கூறலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. காயம் தானே ஆறுவதையும், முறிந்த எலும்பு தானே கூடுவதையும் நாஸ்திகனும் நாள்தோறும் காண்கிறான். அச்சக்திக்கு இயற்கை என்று பெயரிட்டாலும் அதற்கு இடையூறு செய்யாமல் துணைநிற்கும் கடமை அவனுக்கும் உண்டு. ஆஸ்திகனுக்கோ அக்கடமையோடு நன்றியும் சேர்கிறது. நோயாளியின் முதுகில் கைவைக்கும் வேளையில் இவ்விருவரும் செய்யும் காரியம் ஒன்றே. அதைக் கவனத்தோடு செய்தானா என்பதையே பயிற்சிக்கூடத்து ஆசிரியர் பார்க்கிறார்.